கோட்ஸில்லா (2014): ட்ரெய்லரை நம்பித் திரையரங்குக்குப் போகலாமா?

கருப்புத்திரை (ஏப்ரல் 2014)

மன்ற நண்பர்களுக்கு வணக்கம். கேரத் எட்வர்ட்ஸ் இயக்கத்தில் லெஜண்டரி, வார்னர் பிரதர்ஸ் நிறுவனங்களின் புதிய ‘கோட்ஸில்லா’ மே 16 அன்று வெளியாகிறது. இதுவரை வந்த ட்ரெய்லர்கள் ஆவலைக் கிளப்பியிருந்தாலும், அதே அளவுக்குத் தயக்கமும் இருப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

தயக்கத்துக்குக் காரணம் 1998-இல் ரோலண்ட் எமெரிக் எடுத்த படம். அதற்கும் ட்ரெய்லர் பிரமாதமாகத்தான் இருந்தது. அருங்காட்சியகத்தில் டி-ரெக்ஸ் டைனோசரின் எலும்புக்கூட்டைப் பள்ளிப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கூரையைப் பிளந்துகொண்டு இறங்கும் ஒரு பாதம் அந்த எலும்புக்கூட்டை நொறுக்கிவிட்டுப் போகும். ‘ஜுராசிக் பார்க்’குக்கு விடப்பட்ட சவால் அது. ஆனால் விளம்பரத்துக்கென்றே எடுக்கப்பட்ட அந்தக் காட்சி படத்தில் இல்லவே இல்லை. படத்தில் வந்ததோ, பிரெஞ்சு அணுகுண்டுச் சோதனைகளால் உருமாறிய இகுவானா என்ற பல்லி வகை. அது மன்ஹாட்டன் கட்டடங்களுக்கிடையே ஒளிந்து ஓடியது, மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முட்டையிட்டது, கடைசியில் புரூக்ளின் பாலத்தின் வடங்களில் சிக்கிப் போர் விமானங்களின் ஏவுகணைகளுக்குப் பலியானது. கோட்ஸில்லா ஏவுகணைக்குச் சாவதாவது! கோட்ஸில்லாவை உருவாக்கிய ஜப்பானின் டோஹோ நிறுவனமே அதைப் பொறுக்கமாட்டாமல், அந்த விலங்குக்கு ‘ஸில்லா’ என்று வேறு பெயர் சூட்டி, 2004-இல் வந்த ‘ஃபைனல் வார்ஸ்’ படத்தில் சிட்னி ஓபரா ஹவுஸ் அருகே அசல் கோட்ஸில்லாவின் கையால் சில நொடிகளில் கதையை முடித்துவைத்தது.

இந்த முறை ட்ரெய்லரின் தொனியே வேறாக இருக்கிறது. மிக உயரத்தில் பறக்கும் விமானத்திலிருந்து ராணுவ வீரர்கள் குதிக்கிறார்கள். அவர்கள் காலில் கட்டியிருக்கும் சிவப்புப் புகை மேகங்களைக் கிழித்துக்கொண்டு இறங்குகிறது. பின்னணியில் இசையமைப்பாளர் லிகெட்டியின் இசைக்கோவை ஓலமிடுகிறது. இன்னொரு ட்ரெய்லரில், நடந்தது இயற்கைப் பேரிடர் என்று அதிகாரிகள் சொல்லும் பொய்யை எதிர்த்து நடிகர் பிரையன் கிரான்ஸ்டன் குரல் உடைந்து கத்துகிறார். மனைவியை இழந்த ஒருவரின் படம் என்ற எண்ணத்தைத்தான் அந்தச் சில நொடிகள் தருகின்றன.

என் கேள்வி இதுதான். இந்தத் துக்கத்தைப் படம் முழுக்கக் கொண்டுசெல்லுமா, அல்லது இதுவும் அருங்காட்சியகக் காட்சியைப் போல ட்ரெய்லரோடு நின்றுவிடுமா? 1954-இல் நடந்தவை சோதனைகளே அல்ல, அந்த விலங்கைக் கொல்ல எடுத்த முயற்சிகள் என்று ட்ரெய்லரில் ஒரு வசனம் வருகிறதே, அதை எப்படி எடுத்துக்கொள்வது? ஜப்பானிய மூலப் படத்தை நன்கு அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் மகிழ்வேன்.

நெய்தல் (ஏப்ரல் 2014)

நண்பர் கருப்புத்திரை அவர்களுக்கு வணக்கம். உங்கள் இரண்டாவது கேள்விதான் என்னையும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

1954 மார்ச் 1 அன்று மார்ஷல் தீவுகளிலுள்ள பிகினி பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த ‘காஸில் பிராவோ’ ஹைட்ரஜன் குண்டு, அறிவியலாளர்கள் கணித்ததைவிட இரண்டரை மடங்கு பலத்துடன், 15 மெகாடன் அளவுக்கு வெடித்தது. அபாயப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ‘ஐந்தாம் அதிர்ஷ்ட டிராகன்’ என்ற ஜப்பானியப் படகின்மீது வெள்ளைச் சாம்பல் பொழிந்தது. படகில் இருந்தவர்கள் 23 பேர். யாய்ஸு துறைமுகத்துக்குத் திரும்பிய அவர்கள் அனைவரும் கதிர்வீச்சு நோயால் அவதிப்பட்டார்கள். வானொலி இயக்குநராக இருந்த குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார். இஷிரோ ஹோண்டா இயக்கிய முதல் ‘கோட்ஸில்லா’ வெளியானது அதே ஆண்டு நவம்பர் 3 அன்று. அந்த மரணம் நிகழ்ந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. கடலில் ஒரு வெளிச்சம் தோன்றி, அதில் ஒரு கப்பல் தீப்பற்றி அழிவதோடு அந்தப் படம் தொடங்குவதை அன்றைய பார்வையாளர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படத்தின் நடுவில், ரயிலில் போகும் சாதாரண மக்கள், கதிர்வீச்சு ஏறிய சூரை மீனைப் பற்றிச் சலிப்போடு பேசிக்கொள்கிறார்கள். நாகசாகியில் பிழைத்துவந்தது இதற்குத்தானா என்ற பொருளில் ஒரு பெண் சொல்கிறாள். டோக்கியோ எரியும் இரவில், தெருவோரம் குழந்தைகளை அணைத்தபடி உட்கார்ந்திருக்கும் ஒரு தாய், சீக்கிரமே அப்பாவிடம் போய்விடுவோம் என்கிறாள். மறுநாள் மருத்துவமனையில் ஒரு சிறுமியின்மீது கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியைக் காட்டிய மருத்துவர் வாய் திறப்பதில்லை, தலையை மட்டும் அசைக்கிறார். போர் முடிந்து ஒன்பதே ஆண்டுகள் ஆகியிருந்த ஊரில் எடுத்த படம் அது. 1956-இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது, ரேமண்ட் பர் நடித்த செய்தியாளர் பாத்திரத்தை நடுவில் செருகி, இத்தகைய பேச்சுகளில் பெரும்பகுதியை வெட்டினார்கள். வெட்டப்படாத மூலம் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக வெளியாக 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பின்னணியில் ட்ரெய்லரின் அந்த வசனத்தைக் கேட்டுப் பாருங்கள். சோதனை சோதனையல்ல, உலகைக் காக்க எடுத்த நடவடிக்கை என்று ஆகிவிடுகிறது. மூலத்தில் குண்டுதான் குற்றம், கோட்ஸில்லா அதன் விளைவு. அதோடு அதுவும் குண்டால் பாதிக்கப்பட்ட உயிர்தான். புதிய கதையில் விலங்கு முதலில் வருகிறது, குண்டு அதற்கான மருந்தாகப் பின்னால் வருகிறது. அந்த மீனவர்கள் இந்தக் கதையில் எங்கே இருப்பார்கள்? முழுப் படத்தையும் பார்க்காமல் தீர்ப்பு எழுதுவது முறையல்ல என்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் கென் வாட்டனாபே ஏற்றிருக்கும் பாத்திரத்துக்கு ‘செரிஸாவா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மூலப் படத்தில் தன் கண்டுபிடிப்பு இன்னொரு குண்டாக மாறிவிடக் கூடாது என்பதற்காகக் குறிப்புகளை எரித்துவிட்டு, கடலடியில் கோட்ஸில்லாவோடு சேர்ந்து உயிரை விடும் விஞ்ஞானியின் பெயர் அது. அந்தப் பெயரை எடுத்துக்கொண்டவர்கள் அதற்குரிய பொறுப்பையும் சுமக்கிறார்களா என்று பார்க்கத்தான் போகிறேன்.

ஒலிவாங்கி (ஏப்ரல் 2014)

இயக்குநரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். எட்வர்ட்ஸ் 2010-இல் எடுத்த ‘மான்ஸ்டர்ஸ்’ படம் மிகச் சிறிய செலவில் உருவானது. நடிகர்கள் என்று சொல்லத்தக்கவர்கள் இரண்டு பேர்தான். ஒளிப்பதிவும் கிராபிக்ஸும் இயக்குநரே. வேற்றுக்கோள் உயிர்கள் நிறைந்த நிலத்தை இருவர் கடந்துபோகும் அந்தக் கதையில், உயிர்களைவிட அவை விட்டுச்சென்ற சேதத்தைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம்: மரத்தில் தொங்கும் படகு, உடைந்த ஹெலிகாப்டர், சுவர் நெடுக எச்சரிக்கைப் பலகைகள். ஆகவே இவர் கோட்ஸில்லாவையும் எளிதில் கண்ணில் காட்டமாட்டார் என்று துணிந்து சொல்லலாம். நாயகனின் குடும்பத்துக்கு ‘ப்ராடி’ என்று பெயர் சூட்டியிருப்பதைப் பார்த்தால், ‘ஜாஸ்’ படத்தின் காவல்துறைத் தலைவர் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. அந்தப் படத்தில் சுறா எவ்வளவு தாமதமாகத் தலையைக் காட்டுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கோட்ஸில்லாவின் உறுமலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1954-இல் இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் தளர்த்தப்பட்ட தந்திகளைப் பிசின் தடவிய தோல் கையுறையால் தேய்த்து, அந்தப் பதிவின் வேகத்தை மாற்றி உருவாக்கிய ஒலி அது. விலங்கின் குரல் எதுவும் அதில் இல்லை. உலோகம் கிழிபடுவது போன்ற ஒரு கீச்சொலி எழுந்து ஆழத்துக்கு இறங்கும். புதிய படத்தில் எரிக் ஆடால், ஈதன் வான் டெர் ரின் ஆகியோர் அதை மீண்டும் வடிவமைத்திருக்கிறார்கள். ட்ரெய்லரின் கடைசியில் கேட்ட அளவுக்கு, அந்தக் கிழிபடும் தொடக்கத்தை அவர்கள் விட்டுவிடவில்லை. நல்ல ஒலியமைப்பு உள்ள அரங்காகப் பார்த்துப் போங்கள்.

பால்கனி (மே 2014, வெளியீட்டுக்கு முந்தைய வாரம்)

பெரியவர்கள் அணு அரசியல் பேசுகிறீர்கள், மரியாதையோடு படித்தேன். எனக்கு வேண்டியது இரண்டு பெரிய விலங்குகள் ஒரு நகரத்தின் நடுவே நின்று ஒழுங்காகச் சண்டை போடுவது, அதை நான் தெளிவாகப் பார்ப்பது. இந்தக் கோட்ஸில்லாவின் உயரம் 108 மீட்டராம். 1954-இல் 50 மீட்டர்தான். ஜப்பானிய ரசிகர்கள் அது குண்டாகிவிட்டது என்று கேலி செய்கிறார்களாம். குண்டாக இருந்தால் என்ன, அத்தனை பெரிய உடம்பு முழுதாகத் திரையில் தெரிந்தால் போதும்.

பால்கனி (மே 2014, வெளியீட்டுக்குப் பின்)

எச்சரிக்கை: இனி எழுதுவதில் முழுக் கதையும் வெளிப்படும். படம் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளவும்.

ஹோனலூலு விமான நிலையக் காட்சியிலிருந்து தொடங்குகிறேன். கடலலை ஊருக்குள் புகுந்து வடிந்திருக்கிறது. இருட்டில் ராணுவ வீரர்கள் வானத்தை நோக்கி ஒளிக்குண்டுகளைச் சுடுகிறார்கள். அவை மேலே போகப்போக, சுவர் என்று நாம் நினைத்தது ஓர் உடம்பு என்று தெரிகிறது. மேலும் மேலும் வெளிச்சம் ஏறியும் அந்த உடம்புக்கு முடிவு வருவதில்லை. பிறகு விமானங்கள் வரிசையாக வெடித்துச் சிதற, மியூட்டோ என்ற அந்தச் சிறகுள்ள விலங்கின் எதிரே ஒரு பாதம் வந்து இறங்குகிறது. கேமரா மெதுவாக மேலே ஏறுகிறது. கழுத்து, தாடை, பின்பு அந்த உறுமல். அரங்கே கைதட்டியது. அடுத்த நொடி என்ன நடக்கிறது? சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வீட்டின் வரவேற்பறை. நாயகனின் சிறுவயது மகன் தொலைக்காட்சியில் அந்தச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நமக்கும் அந்தச் சின்னப் பெட்டியில் தெரிந்த அளவுதான். இலையில் சோறு வைத்து, குழம்பு ஊற்றி, பிசையக் கை வைக்கும்போது இலையை உருவியது போல இருந்தது.

ஒரு முறை செய்திருந்தால் அதைக் குறும்பு என்று ரசித்திருக்கலாம். சான் பிரான்சிஸ்கோவிலும் கோட்ஸில்லாவும் மியூட்டோவும் மோதப்போகும் நேரத்தில், அந்தப் பையனின் தாய் ஓடிப்போய் நுழையும் பாதுகாப்பறையின் கதவு நம் முகத்துக்கு நேரே மூடிக்கொள்கிறது. 123 நிமிடப் படத்தில் கோட்ஸில்லா திரையில் இருப்பது பத்து நிமிடம் தேறினால் அதிகம். தாமதமாகக் காட்டுவதில் எனக்குப் புகார் இல்லை. நண்பர் ஒலிவாங்கி சொன்ன ‘ஜாஸ்’ படத்தில் சுறா தாமதமாக வந்தாலும், வந்த பிறகு கடலை விட்டுக் கேமரா வேறெங்கும் ஓடிப்போகவில்லை. இங்கே அது வந்த பிறகும் மறைக்கிறார்கள்.

காத்திருக்கும் நேரத்தில் பார்ப்பதற்கு ஒரு மனிதர் இருந்திருந்தாலாவது பொறுத்துக்கொண்டிருக்கலாம். ட்ரெய்லரைத் தூக்கி நிறுத்திய கிரான்ஸ்டனைப் படத்தின் முதல் பாதி முடிவதற்குள்ளேயே சாகடித்துவிட்டார்கள். படத்தில் ஜப்பானில் இருப்பதாக வரும் ஜன்ஜிரா அணுமின் நிலையத்தில், கதிர்வீச்சு பரவாமலிருக்க, மனைவியாக வரும் ஜூலியட் பினோஷ் இன்னும் உள்ளே இருக்கும்போதே கதவை மூடும் அவரது முகத்துக்குப் பிறகு, மீதிப் படத்தைச் சுமக்க வேண்டியவர் மகனாக வரும் ஆரன் டெய்லர்-ஜான்சன். அவரது முகத்தில் களைப்பைத் தவிர வேறெதையும் நான் காணவில்லை. கருப்புத்திரை அவர்களின் முதல் கேள்விக்கு இதுவே என் பதில்: துக்கம் முதல் நாற்பது நிமிடத்தோடு முடிந்துவிட்டது.

ஒலிவாங்கி (மே 2014)

ஹோனலூலு வெட்டைப் பற்றி நண்பர் பால்கனி எழுதியதை மறுக்கப் போவதில்லை. அந்தப் பையன் தொலைக்காட்சி பார்க்கும் காட்சியில் எங்கள் அரங்கிலும் ஒரு முனகல் எழுந்தது. ஆனால் கணக்கை நிமிடங்களில் மட்டும் பார்க்கக் கூடாது என்பது என் வாதம்.

வீரர்கள் குதிக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். லிகெட்டியின் குரலோலம் உச்சத்தில் இருக்கும்போது, நாம் திடீரென ஒரு வீரரின் கண்ணாடிக்குள் போய்விடுகிறோம். கேட்பது அவருடைய மூச்சு மட்டும். மேகத்துக்கும் புழுதிக்கும் இடையே, அவர் விழுந்துகொண்டிருக்கும் வேகத்தில், ஒரு பக்கவாட்டு உடம்பு கடந்துபோகிறது. அவர் எத்தனை நேரம் விழுந்தாலும் அந்த முதுகு முடிவதில்லை. 108 மீட்டர் என்ற எண்ணை முதல் முறையாக உடம்பால் உணர்ந்தது அங்கேதான். ஹெலிகாப்டரிலிருந்து பார்ப்பது போல முழு உருவத்தையும் சட்டத்துக்குள் அடக்கியிருந்தால் அது வெறும் பொம்மையாகத் தெரிந்திருக்கும். ஒளிப்பதிவாளர் ஷேமஸ் மெக்கார்வி பெரும்பாலும் மனிதர் நிற்கக்கூடிய இடத்திலிருந்தே கேமராவை வைக்கிறார்: காரின் கண்ணாடி வழியாக, ரயில் பெட்டியின் சன்னல் வழியாக, பாலத்தில் நிற்கும் பள்ளிப் பேருந்துக்குள்ளிருந்து. இந்த ஒழுக்கம் 1998 படத்தில் துளியும் கிடையாது. அங்கே விலங்கின் அளவே காட்சிக்குக் காட்சி மாறிக்கொண்டிருக்கும்.

பிறகு அந்த நீல ஒளி. புழுதி மூடிய நகரத்தில் எதுவும் தெரியாமலிருக்கும்போது, வாலின் நுனியில் ஒரு முள் ஒளிர்கிறது. அடுத்தது, அதற்கடுத்தது என்று வெளிச்சம் முதுகுவழியே ஏறி வருவதைப் பார்க்கும்போதே என்ன வரப்போகிறது என்று ரசிகர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எமெரிக் கொடுக்க மறுத்த, கோட்ஸில்லா வாயிலிருந்து உமிழும் அணுக்கதிர் மூச்சுக்காகப் பதினாறு ஆண்டுகள் காத்திருந்தவர்கள் போட்ட கூச்சலில் எனக்கு வசனமே கேட்கவில்லை. அதுவரை அந்த மூச்சின் பேச்சையே படம் எடுக்காததால்தான் அந்தக் கூச்சல். எதிரியின் வாயைப் பிளந்து தொண்டைக்குள் நெருப்பை இறக்கும் கடைசி அடியைச் சொல்லவே வேண்டாம்.

ஒரு குறை எனக்கும் உண்டு. அலெக்சாண்டர் டெஸ்ப்லாவின் இசை நன்றாகவே இருந்தாலும், இஃபுகுபேயின் அந்த அணிவகுப்பு இசையை ஓரிடத்திலாவது சேர்த்திருக்கலாம்.

நெய்தல் (ஆகஸ்ட் 2014)

ஜப்பானிலும் ஜூலை 25 அன்று படம் வெளியாகிவிட்டதால், ஏப்ரலில் பாதியில் விட்டதைத் தொடர்கிறேன்.

அஞ்சியதுதான் நடந்திருக்கிறது, ஆனால் சற்றே சிக்கலான வடிவத்தில். தலைப்பு ஓடும்போதே பிகினியில் குண்டு வெடிக்கிறது. குண்டின்மீது விலங்கின் படம் வரைந்து அதை இலக்கு என்று குறித்திருக்கிறார்கள். மார்ஷல் தீவு மக்களோ அந்த மீன்பிடிப் படகோ எங்குமே இல்லை. அந்தச் சோதனைகளை நடத்திய அரசுக்கு இதைவிட வசதியான கதை கிடைக்காது.

அதே படத்தில்தான் வாட்டனாபேயின் செரிஸாவா, அணுகுண்டைப் பயன்படுத்த முடிவெடுத்த அட்மிரலிடம் ஒரு பழைய கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். அது 8:15-இல் நின்றுபோயிருக்கிறது. அட்மிரல் புரிந்துகொண்டு ஹிரோஷிமா என்கிறார். தன் தந்தையுடையது என்று மட்டும் சொல்லிவிட்டுச் செரிஸாவா போய்விடுகிறார். அமெரிக்கப் பெருஞ்செலவுப் படமொன்றில் இப்படி ஒரு காட்சி இருப்பதே பெரிது என்று சிலர் எழுதியிருந்தார்கள். அதை நான் ஒப்புக்கொள்வேன், அந்தக் காட்சியால் கதையில் ஏதேனும் மாறியிருந்தால். எதுவும் மாறவில்லை. குண்டு கிளம்புகிறது, நகரத்துக்குள் வருகிறது, கடைசியில் படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோகப்பட்டு வெடிக்கிறது. மெகாடன் அளவிலான குண்டு சான் பிரான்சிஸ்கோ கரைக்கருகில் வெடித்த மறுநாள் காலையில், மக்கள் விளையாட்டரங்கில் குடும்பத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கதிர்வீச்சைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. 1954-இல் ஒரு சிறுமியின் அருகே கைகர் கருவியை வைத்துக் காட்டிய படத்தின் பெயரைத் தாங்கி வந்த படத்தில் இது எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்ஜிராவும், 2011-இல் அணு உலை விபத்து நடந்த ஃபுகுஷிமாவை நினைவூட்டத்தான் கட்டப்பட்டது. ஆனால் அந்த விபத்துக்குக் காரணம் மனிதர்கள் இல்லை, மியூட்டோ என்ற ஒரு பூச்சி என்று ஆகிவிடுகிறது.

கோட்ஸில்லாவை நகரத்தின் மீட்பரா என்று தொலைக்காட்சிச் செய்தி கேட்கிறது. கேள்விக்குறியோடு கேட்டாலும் படம் தந்துவிட்ட பதில் ஆம் என்பதே. டோஹோவின் அறுபது, எழுபதுகளின் படங்களிலும் அது பூமியின் காவலனாக வந்ததுண்டு என்பதால், இது மரபுக்கு அந்நியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1954-இன் கனத்தையும் காவலனின் கைதட்டலையும் ஒரே படத்தில் கேட்டதுதான் சிக்கல். முதல் படத்தின் நாயகர்களில் ஒருவரான அகிரா டகாராடா இந்தப் படத்துக்காக ஒரு சிறு வேடத்தில் நடித்திருந்தும் அந்தக் காட்சியைப் படத்தொகுப்பில் நீக்கிவிட்டார்கள் என்பது கூடுதல் வருத்தம்.

கருப்புத்திரை (டிசம்பர் 2014)

பதில் எழுதிய அனைவருக்கும் தாமதமான நன்றி. நண்பர் நெய்தல் சுட்டிய குறைகளோடும் பால்கனி சுட்டிய குறைகளோடும் உடன்படுகிறேன். ஆனாலும் ஒலிவாங்கி விவரித்த நீல ஒளிக்காகவே மீண்டும் பார்த்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. 1998 படத்தை அப்படி மீண்டும் பார்க்கத் தோன்றியதே இல்லை.

இழையை மேலே கொண்டுவரக் காரணம், 2016-இல் தாங்களே ஒரு புதிய கோட்ஸில்லா படத்தை வெளியிடப்போவதாக டோஹோ இந்த மாதம் அறிவித்திருப்பதுதான். 2004-க்குப் பிறகு ஜப்பானில் எடுக்கப்படும் முதல் நேரடிப் படம் அது. அமெரிக்கப் படத்தின் வசூல் ஐம்பது கோடி டாலரைத் தாண்டியதைப் பார்த்து எழுந்த துணிச்சல் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. 2011 மார்ச் 11-இன் நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் அணு உலை விபத்தையும் கண்ணால் கண்டவர்கள் இம்முறை கதை எழுதப்போகிறார்கள். அந்த விபத்துக்குப் பூச்சியின்மீது பழிபோட்டுவிட்டு அவர்கள் நகர்ந்துவிட முடியாது. இயக்குநர் யார் என்று தெரிந்ததும் தனி இழை தொடங்குகிறேன். நண்பர் நெய்தல் முதல் பதிலை எழுதித் தர வேண்டும்.